ராணி அறையில் காயப்போட்ட விரிப்புகள்

குகையின் ராணி அறையில் காயப்போட்ட படுக்கை விரிப்புகள், காய்ந்தபின் எடுக்கும்போது நீண்டிருந்தன. சில நாள் ஒரு விரல், சில நாள் ஒரு சாண். ஓட்டல் லாண்டரியில் இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. மடிப்பதில் வந்த ஒரு தொல்லையாகத்தான் பார்த்தார்கள். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று, நீள ஓரத்தை நீள ஓரத்தோடு சேர்த்து உதறி, பிறகு ஒருவர் நடந்து வந்து தன் முனைகளை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். பழகிய கைகள் ஊர்க்கதை பேசிக்கொண்டே இதைச் செய்யும். லாண்டரி அக்காவும், உயரத்தால் பெயர் வாங்கிய நெட்டைச்சியும் பல வருடமாக அப்படித்தான் மடித்துவந்தார்கள். இப்போது ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட நீளமாக இருந்ததால் முனையும் முனையும் சேரவில்லை.

“மில்லுக்காரன் கோணலா வெட்டித் தொலைச்சிருக்கான்” என்றாள் நெட்டைச்சி.

“இதே விரிப்பு போன வாரம் சேர்ந்துச்சேடி.”

“அப்ப உன் கைதான் கோணல்.”

லாண்டரி அக்கா கையைக் குறை சொன்னால் பொறுப்பவள் இல்லை. அவள் சோதித்துப் பார்த்தாள். நனைந்த பருத்தித்துணி கொடியில் தொங்கும்போது தன் எடையாலேயே கொஞ்சம் இழுபடும், காயக் காயப் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும், சில நேரம் அதற்கும் கீழே. காய்ந்த பிறகு நீளும் துணி என்று ஒன்று கிடையாது. இழுபட்டதாகவே வைத்துக்கொண்டாலும் ஓரத்தையல் காட்டிக்கொடுத்துவிடும், இழுபட்ட துணியில் தையலுக்குத் தையல் இடைவெளி கூடும். இந்த விரிப்புகளில் இடைவெளி கூடவில்லை. தையல்களே கூடியிருந்தன. அதாவது துணி நீளவில்லை, புதிதாக நெய்யப்பட்டு, ஓரம் மடித்துத் தைக்கப்பட்டு வந்திருந்தது. யார் நெய்தது என்பதுதான் தெரியவில்லை.

ஓட்டல் துணி குகையில் ஏன் காய்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மலைவாசத்தலத்தில் வருடத்தில் பாதி நாள் மூடுபனி. காட்டு மரங்கள் இலைநுனியில் நீரைச் சேர்த்துச் சொட்டிக்கொண்டே இருக்கும், வெளியே போட்ட துணி போட்டதைவிட ஈரமாகத் திரும்பும். ஓட்டலில் துணி உலர்த்தும் மெஷின் ஒன்று இருந்தது. அது பழுதானபோது மேனேஜர் சரிசெய்யவில்லை. குகைகளின் குத்தகை ஓட்டலிடம் இருந்தது, அதில் ஒரு அறை சும்மா கிடந்தது. சூதாட்டத்தில் நாட்டைத் தோற்ற ஐந்து அண்ணன் தம்பிகளும் அவர்கள் மனைவியும் வனவாசத்தில் இந்தக் குகைகளில் தங்கினார்கள் என்பது கதை. கீழே வரிசையாக ஐந்து அறைகள், அவற்றுக்குப் பின்னால் சில படிகள் ஏறினால் ராணிக்கு ஒன்று. ராணி அறையின் வாசல் தாழ்வானது, கூரையில் ஒரு பிளவு. பாறையின் வயிற்றில் எல்லா மாதமும் ஒரே சூடுதான் இருக்கும். வெளியே குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாகி, லேசாகி, மேலே பிளவு வழியாகப் போய்விடும். அது போன இடத்துக்குக் கீழ்வாசல் வழியாகக் குளிர்காற்று வரும், வந்து பாறையில் சூடேறும். சூடேறிய காற்றுக்கு ஈரத்தின் மேல் பசி அதிகம். அது துணியில் உள்ளதைக் குடித்துவிட்டு மேலே போகும். இரண்டு வாய் இருப்பதால்தான் குகை மூச்சு விடுகிறது. பிளவையோ வாசலையோ, எதை அடைத்தாலும் காற்று நின்றுவிடும்.

இதையெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கிச் சொல்வது லாண்டரி அக்காவின் கணவன். குகைக்கு அவன்தான் கைடு. மேனேஜர் ஓட்டலில் தங்குகிறவர்களை அவனிடம் அனுப்புவார். அவர் அனுப்பாவிட்டால் அவனுக்குக் கேட்க ஆளில்லை. நன்றாகக் கதை சொல்வான், அதில் குறை சொல்ல முடியாது. சபை நடுவில் ராணியை இழுத்து வந்ததையும், உடுத்திய துணியை உருவ உருவ அது முடியாமல் வளர்ந்ததையும், ஐந்து கணவன்மாரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததையும் சொல்லும்போது அவன் குரல் உடையும். “ஒருத்தன், ஒரே ஒருத்தன் எழுந்து ‘நிறுத்துங்க’ன்னு சொல்லியிருந்தா போதும்” என்று நிறுத்துவான். பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். படிகளுக்குப் பின்னால் ஈர விரிப்பை உதறிக்கொண்டிருக்கும் மனைவிக்கும் அது கேட்கும். கல்யாணமான புதிதில் அவளும் அழுதிருக்கிறாள்.

விரிப்பு எப்போது நீள்கிறது என்பது ஒரு மழைநாளில் தெரிந்தது. ஓட்டலில் தங்கியிருந்த ஒரு அம்மாளின் பட்டுத் துண்டைக் காணவில்லை. மேனேஜர் நேராக ராணி அறைக்கு வந்தார். படிக்குக் கீழே கைடு ஒரு கூட்டத்தோடு நின்றிருந்தான். மேனேஜர் குரலைத் தாழ்த்துகிறவர் இல்லை.

“பாக்கறதுக்குத்தான் சாது. கை நீளம். பையைக் கொட்டு.”

“நான் எடுக்கல சார்.”

“எடுக்கலன்னா கொட்டு. என்ன வெக்கம்? உனக்கெல்லாம் எதுக்கு வெக்கம்?”

அவள் பையைக் கொட்டினாள். ஒரு சீப்பு, சாப்பாட்டு டப்பா, வீட்டுச் சாவி, மாற்று உள்ளாடை. மேனேஜர் அந்த உள்ளாடையைக் கால் நுனியால் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். அவள் படிக்குக் கீழே பார்த்தாள். அங்கே கைடு டார்ச்சைக் கூரைக்குத் திருப்பி, “இங்க பாருங்க, மேல ஒரு பிளவு தெரியுதா? காத்து இது வழியாத்தான் வெளிய போகுது” என்றான்.

கொடியில் கிடந்த விரிப்பு அப்போது வளரத் தொடங்கியது. சத்தமில்லை, ஒளியில்லை. ஓரம் தரையைத் தொட்டது, தரையில் மடிந்து குவிந்தது, அவள் கணுக்காலை மூடியது, படியில் ஒவ்வொன்றாக இறங்கி ஐந்து அறைகளின் முன்னால் ஓடி வெளியே பனிக்குள் போனது. கூட்டம் கைதட்டியது. கதையை நடித்துக் காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். மேனேஜர் சற்று நேரம் துணியைப் பார்த்தார், பிறகு குனிந்து விரலால் தேய்த்து, நல்ல ரகமா என்று பார்த்தார். நல்ல ரகம்தான். பட்டுத் துண்டு மறுநாள் அந்த அம்மாளின் கோட்டுப் பைக்குள்ளேயே கிடைத்தது. அதை லாண்டரி அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று வீட்டில் அவள் கேட்டாள். வீடு என்பது ஓட்டலுக்குப் பின்னால் ஒரு அறை, அடுப்பு, கட்டில், பனியில் உப்பிப்போய் மூடாத ஒரு ஜன்னல்.

“ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“என்னத்தச் சொல்ல? வாய்ப் பேச்சுதானே. பேச்சு உடம்புல ஒட்டவா போகுது?”

“உங்களுக்கு ஒட்டாது.”

“அவரு மனசு வெச்சாத்தான் நமக்கு அடுப்பு எரியும். கொஞ்சம் பொறுத்துக்கயேன்” என்று சொல்லிவிட்டு அவன் கைகழுவப் போனான்.

அடுத்த வாரம் முதல் அது ஒரு வேலையாகிவிட்டது. காலைச் சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் குகைக்கு வருவார். அக்கா விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு நிற்பாள். கைடு பயணிகளைப் படிக்குக் கீழே நிறுத்துவான். பயணிகள் இல்லாத பருவத்திலும் அவன் நிற்க வேண்டும், ஏனென்றால் கத்தரியும் அளவுகோலும் அவனிடம் கொடுக்கப்பட்டிருந்தன. மேனேஜர் திட்டுவார், அவள் கீழே பார்ப்பாள், அவன் கத்தரியைப் பார்ப்பான், துணி வரும். மேனேஜர் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அவர் நேரம் தவறாதவர், அவ்வளவுதான். கோபமே வராத நாளிலும் வந்து திட்டினார், காய்ச்சலோடு வந்து திட்டினார். அவளுடைய நடையைச் சொன்னார், நிறத்தைச் சொன்னார், பெற்றவர்களைச் சொன்னார். ஒரே வசவைத் திரும்பச் சொன்னால் துணி குறைந்தது. அதனால் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது, வரவேற்பறையில் இருந்தவர்களிடமும் சமையல்காரரிடமும் யோசனை கேட்டார். அவர்களும் தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். அவளோடு சேர்ந்து டீ குடிக்கிறவர்கள்தான்.

நெட்டைச்சி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் படியேறி வந்து, “போதும் சார், அவளும் மனுஷிதானே! உங்க வீட்டுப் பொம்பளைய இப்படிப் பேசுவீங்களா?” என்று கத்தினாள். துணி நிற்கவில்லை. வழக்கம்போல வந்துகொண்டே இருந்தது. நெட்டைச்சியின் வேலை போனது, அவள் கீழ்த்தெருவில் இஸ்திரிக் கடை போட்டாள். கடையில் இஸ்திரிக்கு வந்ததும் அந்தத் துணிதான். ஊரில் எல்லாம் அந்தத் துணியாகிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்துத் திரைகள், பஸ் இருக்கை உறைகள், ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, செத்தவர்களுக்குக் கடைசியில் போர்த்துகிற துணி. எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெருவில் பார்க்கிறபோது நல்ல மனதோடு சொல்வார்கள்: “அக்கா, உங்க துணி என்னமா உழைக்குது! எத்தனை துவைச்சாலும் அப்படியே இருக்கு.” அவள், “சரிங்க” என்பாள். வேறென்ன சொல்வது.

இப்படி வருடங்கள் போயின. மேனேஜருக்குத் தலை நரைத்தது, ஓட்டலுக்கு ஒரு புதுக் கட்டடம் எழும்பியது, உலர்த்தும் மெஷினுக்குள் எலி குட்டி போட்டது. பிறகு கைடுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்து அவன் பல் பிடுங்க மலைக்குக் கீழே சமவெளிக்குப் போனான். அன்று மேனேஜர் திட்டினார். துணி வரவில்லை. தன் பேச்சில்தான் சரக்கில்லை என்று நினைத்து உரக்கத் திட்டினார், பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திட்டினார். விரிப்பு கொடியில் தன் அளவிலேயே காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் கன்னம் வீங்கிக் கைடு வந்து நின்றான். வாயைத் திறக்கவே முடியாத நிலை. அன்று வந்த துணியைச் சுருட்ட வெளியிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியிருந்தது.

மேனேஜர் இதில் எதையும் கவனிக்கவில்லை. லாண்டரி அக்கா கவனித்தாள். ஒரு கறை எதனால் வந்தது என்று தெரிந்தால்தான் அதை எதனால் எடுப்பது என்று தெரியும், அது அவள் தொழில். வசவு துணியை உண்டாக்கவில்லை. அப்படியானால் நேற்றே வந்திருக்க வேண்டும். மற்றவர் பேச்சு அதை நிறுத்தவில்லை. அப்படியானால் நெட்டைச்சி கத்தியபோதே நின்றிருக்க வேண்டும். மிச்சம் இருப்பது ஒன்றுதான். பேச வேண்டியவர் பேசாமல் இருப்பதைத்தான் அந்த அறை நெய்துகொண்டிருந்தது. கண்டுபிடித்ததில் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. ஏனென்றால் மருந்து ரொம்பச் சின்னது. சோறு போடும்போது அதைச் சொன்னாள்.

“ஏங்க, நாளைக்கு அவர் ஆரம்பிச்சதும் நீங்க ‘விடுங்க சார்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சத்தமாக்கூட வேணாம். நின்னுடும்.”

கைடு தட்டையே பார்த்தான். “தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“சொன்னா நின்னுடும்னு தெரியும். அதனாலதான் சொல்லல.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“குழம்பு ஊத்து” என்றான். அவள் ஊற்றினாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் துணிகளை ஒரு தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு கீழ்த்தெருவுக்கு நடந்து போய் நெட்டைச்சியின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்தாள். நெட்டைச்சி பாயை உதறிப் போட்டாள். “கால நீட்டிப் படு. நான்தான் நெட்டை, உனக்கென்ன” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டைவிட்டு வந்ததும் தீர்ந்துவிடும் என்று அவள் எண்ணியிருந்தாள். தீரவில்லை. வேலையை விட முடியவில்லை, அந்த ஊரில் துணி வெளுக்க வேறு இடமில்லை. மறுநாளும் நின்றாள், மேனேஜர் ஆரம்பித்தார், துணி வந்தது. முன்னைவிடக் குறைவு, ஆனாலும் வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி வந்தது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரே கட்டிலில் படுக்காதவன், ஒரே அடுப்பில் சாப்பிடாதவன், அவன் பேசாவிட்டால் இந்த அறைக்கென்ன? மேனேஜரோ அளவு குறைந்ததில் கலங்கிப்போனார். புதுக் கட்டடத்தின் ஜன்னல்கள் எல்லாம் திரை இல்லாமல் நின்றன. அவர் கைடைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவனை அவர் உட்காரச் சொன்னதில்லை.

அடுத்த நாள் மேனேஜர் குகைக்கு வந்து, குரலை உயர்த்தாமல், விசாரிப்பதுபோலச் சொன்னார்: “குட்டிச் சட்டை ஒண்ணு தெச்சு வெச்சிருக்கியாமே. பொறந்து அழாமப் போன புள்ளைக்கு. ராவுல எடுத்து மடிச்சு மடிச்சு வெப்பியாமே. எங்க தலையணை உறை வெட்டுத்துணியா அது?”

அந்தச் சட்டையைப் பற்றி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அவள். நெட்டைச்சிக்குக்கூட அவள் சொன்னதில்லை. படிக்குக் கீழே பயணிகள், சமையல்காரர், வரவேற்பறைப் பெண், துணி சுருட்ட வந்த கூலியாட்கள் எல்லாரும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். இதற்கு வரும் துணி சாதாரணமாக இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். கைடு கத்தரியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

அவள் கீழே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை. பார்ப்பதற்கு அங்கே யாரும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். விரிப்பின் மடிந்திருந்த மூலை ஒன்றை நிமிர்த்திவிட்டாள். “ஆமா சார், வெட்டுத்துணிதான். கழிச்சுப் போட்டது” என்றாள். துணி வரவில்லை. மேனேஜர் இன்னொரு முறை சொன்னார், வரவில்லை. கைடு தலையை இன்னும் தாழ்த்திப் பார்த்தான். அதற்கும் வரவில்லை. எல்லாரும் நின்றபடி நின்றிருந்தார்கள். கூரைப் பிளவு வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது, விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது.

இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஒரு வாய் மட்டும் திறந்திருந்தால் குகைக்குள் காற்று ஓடாது என்று கைடே ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கிறான். பேசாதவன் ஒரு முனை, அவன் பேசுவான் என்று பார்க்கிறவள் மறு முனை. அவனை அடைக்க அவளால் முடியவில்லை. கட்டிலை மாற்றியபோதும் அடுப்பை மாற்றியபோதும் அவளிடம் இருந்த வாய் திறந்துதான் இருந்தது, தினமும் காலையில் படிக்குக் கீழே ஒருமுறை அவள் பார்க்கத்தான் செய்தாள். சட்டையைப் பற்றி மேனேஜர் சொன்ன நொடியில் அது தானாக மூடிக்கொண்டது. இதை நிம்மதி என்று சொன்னால் பொய். கை மரத்துப்போனால் சூடு தெரியாது, அந்த வகை.

மேனேஜர் அதற்குப் பிறகு அவளைத் திட்டியதில்லை. பயனில்லாத வேலையைச் செய்கிறவர் அல்ல அவர். கைடை மட்டும் சில மாதம் குறைசொன்னார், பிறகு அதுவும் சலித்தது. கைடு இன்றும் ஐந்து அறைகளின் முன்னால் நின்று கதை சொல்கிறான். அதே இடத்தில் குரல் உடைகிறது, பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். அவன் தன் மனைவியிடம் ஒருமுறை பேச வந்தான். படிக்குக் கீழே நின்று நிறைய சொன்னான். எல்லாமே சரியான சொற்கள். அவள் அதை முழுக்கக் கேட்டுவிட்டு, “வெளிச்சத்தை மறைக்காதீங்க, கறை தெரியல” என்றாள்.

ஓட்டல் வேறு பெண்களை வைத்தும் முயன்று பார்த்தது. தோட்டக்காரன் மனைவியை நிறுத்தித் தோட்டக்காரனைக் கீழே நிறுத்தினார்கள், துணி வந்தது. ஒரு அக்காவை நிறுத்தித் தம்பியை நிறுத்தினார்கள், வந்தது. ஒரு விதவையை நிறுத்தி, ஓட்டலிலேயே கணக்கெழுதும் அவள் மகனை நிறுத்தினார்கள். அன்று வந்தது மிக உயர்ந்த ரகம், அதில் மேனேஜர் தனக்குச் சட்டை தைத்துக்கொண்டார். ஒவ்வொரு பெண்ணும் கொஞ்ச நாள் கழித்துத் துணி மூட்டையோடு கீழ்த்தெருவுக்கு வந்து, இஸ்திரிக் கடைப் பலகையில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று கேட்டாள். லாண்டரி அக்கா ஒவ்வொருத்திக்கும் பாதியில் நிறுத்தாமல், காற்று எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதிலிருந்து பொறுமையாக விளக்கினாள். சிலருக்கு உடனே புரிந்தது. சிலர், “இல்லக்கா, எங்க வீட்டுக்காரர் அப்படி இல்ல, ஒருநாள் சொல்லிடுவாரு” என்றார்கள். அவர்களிடம் அவள் வாதாடவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். அவர்களும் திரும்பி வந்தார்கள்.

இப்போது ராணி அறையில் துணி காயப்போடுவது அந்தப் பெண்கள்தான். மேனேஜர் வருவதில்லை. முறை இதுதான்: ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, கீழ்வாசலுக்குக் குறுக்காக இல்லாமல் காற்றோடு சேர்த்துக் கொடியில் போட வேண்டும். போடுகிறவள் யாரையும் எதிர்பார்த்திருக்கக் கூடாது. அப்படிப் போட்டால் துணி போட்ட அளவிலேயே காய்கிறது.